அவளுக்கு நான் என்ன வேணும்

எனக்கு இருபத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. புளியந்தோப்பில், வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் எங்கள் ஒற்றை அறை வீடு. அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் குடித்துவிட்டுப் போன டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மன்சுல எவனையாச்சும் வச்சுகினு கீறியா? சொல்டு. எந்த சாதியா இருந்தாலும் சரி, பாய் வூட்டுப் பையனா இருந்தாலும் சரி. நானே அவன் வூட்டுக்குப் போயி பேசறேன். ஒன் நைனா இருந்திருந்தா அவரும் அத்தத்தான் சொல்லியிருப்பாரு.”

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தாள். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் உண்டு. பௌர்ணமிக்கு அம்மா அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவாள். எந்தச் சாதிக்காரன் என்றாலும் கட்டிவைக்கிறேன் என்று ஒரு தாய் தன் வாயால் சொல்வது எங்கள் குடியிருப்பில் சின்ன விஷயம் இல்லை. அவள் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் இறங்கி வந்த இடத்தில் நான் இல்லை என்பதுதான் என் கஷ்டம்.

“அப்படி எவனும் இல்லம்மா” என்றேன். அது பொய்யில்லை.

எனக்கு முதலில் பிடித்துப்போனது பக்கத்து பிளாக்கில் இருந்த ஓர் அக்காவை. அவள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடியைக் காயவைப்பாள். நான் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் நிற்பேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவளைப் போல அழகாக ஆக வேண்டும் என்ற ஆசை இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற பெண்கள் கால்பந்து ஆடுகிற பையன்களைப் பற்றிப் பேசும்போது, நானும் ஒருவனைச் சொல்லிவைத்தேன். அவன் முகம் இப்போது எனக்கு நினைவில்லை. அந்த அக்காவின் பின்கழுத்து நினைவிருக்கிறது.

பெண்ணைப்போல நடக்கிற ஆண்களைத் திட்ட எங்கள் ஏரியாவில் நிறையச் சொற்கள் இருந்தன. அவற்றை நாள் முழுக்கக் கேட்கலாம். பெண்ணை விரும்பும் பெண்ணைத் திட்ட ஒன்றுமே இல்லை. அதனால் பல வருஷம் நான் தப்பித்தேன் என்றும் சொல்லலாம். ஆனால் திட்டுவதற்குக்கூடப் பெயரில்லாத ஒன்றாக இருப்பது எப்படிப்பட்டது என்பதை வெளியே இருந்து விளங்கிக்கொள்வது கடினம். எனக்கு ஏதோ நோய் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து, எனக்கு எந்த ஆசையுமே கிடையாது, சிலர் அப்படிப் பிறப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன்.

வேலை திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில், ஒரு கன்டெய்னர் யார்டில். உள்ளே வருகிற, வெளியே போகிற டிரெய்லர்களின் பெட்டி எண்களை, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அந்த ஸ்டாண்டில் ஒரே ஒரு பெண் ஓட்டுநர் இருந்தாள். காக்கிச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, வாயில் பாக்கை அதக்கிக்கொண்டு, “எர்ணாவூர், எண்ணூர், ஏறு ஏறு” என்று ரயிலை விடச் சத்தமாகக் கூவுவாள். என்னைவிட நான்கைந்து வயது பெரியவள். கழுத்தில் நான் போட்டிருந்த ஆபீஸ் அட்டையைப் பார்த்து எனக்கு மேடம் என்று பெயர் வைத்தாள்.

“மேடம், பின்னாடி ரொப்பிட்டானுங்க. முன்னாடி குந்திக்க.”

அப்படித்தான் நான் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். பின்னால் இடம் இருந்த நாளிலும் முன்னால் உட்கார்ந்தேன். வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே அவள் வண்டியை நுழைக்கிறபோது அவள் தோள் என் தோளில் இடிக்கும். நிலக்கரித் தூசும் மீன் லாரித் தண்ணீரும் முகத்தில் அடிக்கும். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று ஒரு நாள் திடீரென்று உறைத்தது. எனக்கு ஆசையே கிடையாது என்று கட்டிவைத்திருந்த முடிவு அன்றைக்கு உடைந்தது. பயமாக இருந்தது.

அவள் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். பத்தொன்பது வயதில் கல்யாணம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கிற ஆள்கூட இல்லையாம். “நல்ல மன்சன்தான். அவன் கிட்ட வந்தாலே எனக்கு ஒடம்பு கட்டையாப் பூடும். அவனும் இன்னா பண்ணுவான் பாவம்” என்றாள். ஒரு வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். வாழாவெட்டி என்று அண்ணன் மூஞ்சி கொடுக்காததால் தனியாக வந்து, ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தமாக வண்டியும் எடுத்திருந்தாள்.

ஒரு மழை நாளில் எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனார்கள். நான் போகவில்லை. மெக்கானிக் வரும்வரை இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். தார்ப்பாயில் மழை தடதடவென்று விழுந்தது. அவள் என்னைப் பார்க்காமல் ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“நேத்து நீ லீவா?”

“ஆமா. ஜுரம்.”

“சொல்லிட்டுப் போறதில்ல? நீ ஏறலன்னா அன்னிக்குப் பூரா எனக்கு பேஜாரா கீது.” கொஞ்சம் நிறுத்தி, “இத்த எப்டி சொல்றதுன்னு தெர்ல. நீ தப்பா எட்துக்கினா எட்துக்க” என்றாள்.

அவள் கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு பெண்கள் மழைக்குக் குளிர்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதில் பார்க்க எதுவும் இல்லை.

அடுத்த வருஷம் விம்கோ நகரில் ஒரு மாடி போர்ஷன் எடுத்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் சித்தி பெண் என்று சொன்னோம். “ஆம்பளத் தொல்ல இல்லாத வூடு, நிம்மதி” என்று அந்த அம்மா சாவியைக் கொடுத்தாள். அம்மாவிடம், வேலைக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதியோடு தங்குகிறேன் என்றேன். இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதை யாரும் சந்தேகப்படவில்லை. எங்களைக் காப்பாற்றியது அந்தக் கண்மூடித்தனம்தான். அதுவே பிறகு எங்களை அழிக்கும் என்று அப்போது தெரியாது.

வெளியே நான் அவளை அக்கா என்பேன். வீட்டுக்குள் நீ, வா, போ. அவள் கூப்பிடுவதும் மாறிப்போனது. மேடத்தில் பாதி உதிர்ந்து வெறும் ‘மே’ ஆனது. எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சொல் அது. “இன்னாமே, சோறு துன்னியா?” என்று மத்தியானம் போன் பண்ணுவாள். யார்டில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரு என்பார். அக்கா என்பேன்.

எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று இல்லை. அவளுக்கு முன்கோபம். ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடச் சொன்னால் “நான் இன்னா கெய்வியா?” என்று தூக்கிப் போடுவாள். சண்டை போட்டுவிட்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு வந்து, பேசாமல் சுத்தம் பண்ணிக் குழம்பு வைப்பாள். குழம்பு கொதிக்கிற வாசனைதான் அவள் மன்னிப்பு.

கோர்ட்டில் தீர்ப்பு வந்த சமயம், பேப்பரில் ‘தன்பாலின ஈர்ப்பு’ என்று போட்டிருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்களாம் என்றேன். அவள் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப இத்தினி நாளா குத்தமா இருந்துச்சா?”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல்லை நான் கத்தரித்து வைத்ததுபோல மனத்தில் வைத்துக்கொண்டேன். என் முப்பதாவது வயதை ஒட்டி எனக்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது. சுத்தமான, பாடப்புத்தகத் தமிழில். அதை எங்கள் தெருவில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் யாருக்கும் புரியாது. ஆனாலும் இது என்னோடு மட்டும் பிறந்ததில்லை, ஒரு பேப்பர்க்காரன் அச்சடிக்கிற அளவுக்கு உலகத்தில் ஆள் இருக்கிறது என்பதே அப்போது பெரிதாக இருந்தது.

பெரிய மழை வந்து, வெள்ளத்தோடு கழிவு எண்ணெயும் சேர்ந்து தெருவுக்குள் புகுந்த வருஷம், புளியந்தோப்பிலும் தண்ணீர் நின்று கரண்ட் போய்விட்டதால் அம்மாவை எங்கள் மாடிக்கு அழைத்து வந்தோம். நான் வீட்டுக்கார அம்மாவின் சாமான்களை மேலே ஏற்றக் கீழே இறங்கி நின்றதில் தொடை வரை கறுப்பாக எண்ணெய் அப்பிவிட்டது. சோப்புக்குப் போகவில்லை. அவள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு என் காலை விரல் விரலாகத் துடைத்தாள். “புடுங்காம குந்துமே” என்று அதட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோது, அம்மா கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே கட்டில். அதில் ஒட்டிப் போட்ட இரண்டு தலையணைகள்.

தண்ணீர் வடிந்ததும் அம்மாவை ரயிலேற்றப் போனேன். பிளாட்பாரத்தில் அவளாகக் கேட்டாள்.

“இதானா?”

நான் தலையாட்டினேன்.

“நான் ஆம்பளைங்களா தேடிகினு இருந்தேன் பாரு” என்றாள். சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். “ஒனக்கு ஒடம்பு முடியலன்னா நான் வரேன். சும்மா கூப்டாத. அந்த வூட்ல வந்து என்னால சோறு துன்ன முடியாது.” ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போனால் சாப்பாடு போடுவாள். அவளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டாள்.

மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்தே ஸ்டாண்டில் சவாரி குறைந்துகொண்டு வந்தது. அவள் விடிந்ததும் போய் வெயில் இறங்கித் திரும்புவாள். ஒரு காலை, யார்டில் என் போன் அடித்தது. அவள் எண்தான். பேசியது வேறு ஓட்டுநர். “அக்கா, வண்டில குந்திகினு இருந்துச்சு, அப்டியே சாஞ்சிருச்சு. வாய் கோணிகினு போச்சு. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம், நீ வந்துரு.”

போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு, உடனே அறுவை செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும் என்றார்கள். கதவருகே இருந்த நர்ஸ் கேட்டாள்.

“பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?”

ஒரே கூரையின் கீழ் இருந்த வருஷங்கள் அத்தனையும் அந்தக் கேள்வி முன்னால் நின்றன. தங்கச்சி என்றேன்.

அந்தப் பொய் கையெழுத்துத் தாள் வரும்வரைகூடத் தாங்கவில்லை. ஸ்டாண்டில் யாரோ அவள் அண்ணனுக்கும் சொல்லியிருந்தார்கள். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலைச் சட்டையோடு ஓடி வந்தார். அவளுடைய அதே மூக்கு, அதே உரத்த குரல். நர்ஸ் என்னைக் காட்டி, “உங்க இன்னொரு தங்கச்சி இங்கதான் இருக்காங்க” என்றாள்.

“எனக்குத் தெரியாம எங்கம்மா இன்னொண்ணு பெத்துச்சா?” என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீதானா அது? எந்த ஏரியா நீ?”

“புளியந்தோப்பு.”

“ம்” என்றார். அந்த ஒரு ம்-மில் என் சாதி உட்பட எல்லாம் இருந்தது. கையெழுத்தைப் போட்டார். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. ரத்த சொந்தம் மட்டும் உள்ளே இருக்கலாம் என்று காவலாளி என்னை வெளியே அனுப்பினார். அவள் தலையைத் திறந்து தைத்துக்கொண்டிருந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. தேநீர் குடிக்க வெளியே வந்தவர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப்போலத் தேம்பி அழுததை நான் பார்த்தேன். அவர் தங்கைக்காகத்தான் அழுதார். பக்கத்தில் நின்று அழுத எனக்கு அவர் அழுகையில் பங்கில்லை, அவ்வளவுதான்.

பிழைத்துவிட்டாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

“போலாம்.”

பயணிகள் நிரம்பியதும் கிளம்பும்போது அவள் சொல்கிற சொல். மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படிப் பழகிய சொல் ஒன்று மட்டும் தங்குவது உண்டு, அதை அர்த்தத்தோடு சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். பசித்தால் போலாம். வலித்தால் போலாம். பார்வை நேரத்தில் நான் வார்டுக்குள் போய்க் கட்டிலருகே நின்றதும், அவள் இடது கையால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “போலாம், போலாம், போலாம்” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

“பாரு, வூட்டுக்குப் போலாங்குது” என்றார் அண்ணன், அவள் நெற்றியைத் தடவியபடி. “இட்டுகினு போறேம்மா. நம்ம வூட்டுக்கு இட்டுகினு போறேன்.”

எங்கள் வீட்டுக்கு என்று எனக்குக் கேட்டது. அவருக்கு அவர் வீடு என்று கேட்டது. அவளுக்கு என்னவாக இருந்தது என்பதை இரண்டு பேருமே அறிய வழியில்லை. ஊசி போட வந்த நர்ஸிடமும் அவள் அதே சொல்லைத்தான் சொன்னாள். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

மணலி புதுநகரில் இருந்த தன் வீட்டுக்கு அவர் அவளைக் கூட்டிப்போனார். ஸ்டாண்டில் இருந்த ஒருவரிடம் முகவரி கேட்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். அண்ணன் ஷிப்டுக்குப் போயிருந்தார். அண்ணி கதவைத் திறந்தாள். இரண்டு பிள்ளைகள், சமையல், கட்டை மாதிரிக் கிடக்கிற நாத்தனார் என்று களைத்துப்போயிருந்த பெண். என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்குக் குளிப்பாட்ட வருமா? என்னால தூக்க முடியல” என்றாள்.

வரும் என்றேன். என்னைவிட அந்த உடம்பை யார் அறிந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும், அண்ணன் ஷிப்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். சுடுதண்ணீரில் துடைத்துவிட்டு, மொட்டையடித்த தலையில் தையல் வடு வலிக்காமல் எண்ணெய் தடவி, நைட்டி மாற்றி, பிசைந்த சோற்றை இடது கன்னப் பக்கமாக ஊட்டுவேன். அங்கே எல்லோருக்கும் நான் ஆயா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு வருவேனா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வரவில்லை. ஆயாவாக இருந்தால் தொட அனுமதி உண்டு. அது போதும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு, துடைத்துவிட்டு நைட்டியின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் இடது கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தாள். பிறகு கட்டை விரலால் என் உதட்டைத் தடவினாள், முன்பெல்லாம் செய்வதுபோல. சொல்லைப் பற்றி டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். இது சொல் இல்லை. நான் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டேன். அவள் நெற்றியில் என் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நிமிர்ந்தபோது அண்ணி கதவருகே கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். நான் கிளம்பும்போது, “அவரு கேட்டா நான் மறைக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

“உள்ள வராத.”

“அண்ணே, குளிப்பாட்டிட்டுப் போயிடறேன்.”

“அண்ணனா? யாருக்கு அண்ணன்? புருஷன் வூட்ல வாழவேண்டியவள கெடுத்து வச்சுகினு, இப்ப கை கால் வரலன்னாலும் உட மாட்டியா? அந்தப் பாவந்தான் மண்டைல ஏறி வெடிச்சிருக்கு. என் வூட்ல வயசுக்கு வந்த பொண்ணு கீது. கலீஜு பண்ணாத, போயிடு.”

“அவ புருஷன விட்டு வந்தப்பறந்தான் என்னைப் பாத்தா.”

“பேசாத.”

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. என் சத்தம் கேட்டிருக்கும். “போலாம், போலாம்” என்று கத்தினாள். டி.வி.யின் ஒலியை யாரோ கூட்டினார்கள். அண்ணன் கேட்டை இழுத்துத் தாழ் போட்டார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன விஷயம் என்று யாருக்கும் விளங்கவில்லை. சம்பளத் தகராறு என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார்.

காவல் நிலையத்துக்குப் போனேன். பெண் போலீஸ் ஒருத்தி பொறுமையாகத்தான் கேட்டாள். “கூடப் பொறந்த அண்ணன், வீட்ல வச்சுச் சோறு போட்டுப் பாத்துக்கறாரு. இதுல நாங்க என்னம்மா பண்றது? நீங்க ஃப்ரெண்டுதானே?” இல்லை என்றேன். அந்தப் பேப்பர் சொல்லை முதன்முறையாக இன்னொரு ஆளின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். “இதையெல்லாம் இங்க சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் அசிங்கம்.”

ஒரு வழக்கறிஞர் அம்மாவிடம் போனேன். எங்களைப் போன்றவர்களுக்காகப் பேசுகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார். குற்றமில்லை என்று ஆனதோடு சரி, உறவு என்று இன்னும் ஆகவில்லை என்றார். மனுப் போடலாம், நீதிபதி அவளிடமே யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார், அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

“என்ன சொல்வாங்க?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கையைக் காட்டினாலும் போதும், முயற்சி பண்ணலாம், ஆனால் உங்கள் வாழ்க்கை முழுவதும் அங்கே விரித்து வைக்கப்படும், உங்கள் அம்மா, உங்கள் வேலை எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் யோசிக்கவில்லை. போடுங்கள் என்றேன்.

தாள்கள் தயாராகிக்கொண்டிருந்தபோதே புதுநகர் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணியின் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள், ஆந்திர எல்லைக்கு அந்தப் புறம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். போலீஸ் அண்ணனிடம் போனில் விசாரித்தது. தங்கச்சி நலம், நாட்டு வைத்தியம் நடக்கிறது என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டு முடித்துவிட்டார்கள். மனு அதைத் தாண்டி நகரவில்லை.

யார்டில் நான் தொடர்ந்து விடுப்பு எடுத்ததற்கு மேனேஜர் காரணம் கேட்டார். வீட்டில் துக்கமா என்றார். இல்லை என்றேன். அவள் செத்திருந்தால் ஒரு சாவுக்கு உரிய துக்கமாவது படலாம். ஸ்டாண்டில் அவளோடு ஓட்டியவர்கள் என்னைப் பார்த்தால் “அக்கா எப்டி கீது?” என்கிறார்கள். பரவாயில்லை என்கிறேன். வீட்டுக்கார அம்மா, “ஒன் சித்தி பொண்ணு இனிமே வராதுல்ல? வேற யாராச்சும் தொணைக்கு வச்சுக்க. தனியா குந்திகினு கீறியே” என்று பரிவோடுதான் சொல்கிறாள். அம்மாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். “சர்தான், இப்பவாச்சும் ஒரு கல்யாணம் பண்ணிக்க” என்றாள். கல்நெஞ்சம் இல்லை. அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யார்டு வாசலில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணி. குரலை அடக்கிப் பேசினாள்.

“அவரு இல்ல, அதான் பண்ணேன். நல்லாத்தான் கீது. சாப்புடுது. ஆனா அந்தப் பேச்சும் நின்னுபோச்சு. இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல. சொவத்தையே பாத்துகினு இருக்குது. ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு.”

“அவ காதுல போன வைக்கிறீங்களா? ஒரு நிமிஷம்” என்றேன்.

அவள் மறுக்கவில்லை. ஏதோ உரசும் சத்தம், ஒரு கோழி, எங்கோ தெலுங்கில் பேச்சு. பிறகு மூச்சு. அந்த மூச்சை எனக்குத் தெரியும். கண்ணாடி அறைக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஸ்டாண்டில் நாலு வண்டிதான் நிற்கிறது என்றேன். மோட்டார் ரிப்பேர், கீழேயிருந்து தண்ணீர் தூக்குகிறேன் என்றேன். மாத்திரையைத் துப்பாதே என்றேன். காசிமேட்டில் வஞ்சிரம் நன்றாக வருகிறது, எனக்குத்தான் சுத்தம் பண்ண வரவில்லை என்றேன். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் அது வேகமானதுபோல இருந்தது. அழுதாளோ, இருமல் வந்ததோ. அண்ணி போனை வாங்கி, “வண்டி சத்தம் கேக்குது, வச்சுடறேன்” என்றாள்.

மறுநாள் அந்த எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் தெலுங்கிலும் சொல்கிறது.